பொதுநிலம் வெற்றுநிலம் அன்று

(கவுஞ்சியில் ஊர்மக்கள் முன் ஆற்றப்பெற்ற உரை)



இன்றைய உரைக்கு அடிப்படை ஒரே ஒரு சொல். அச்சொல் ‘புறம்போக்கு’ என்பது. ஒருவனை மற்றொருவன் இழித்துப் பேச வேண்டுமாயின், இன்று தமிழ்நாட்டில் இச்சொல்லைத்தான் எடுத்து வீசுகின்றான். வீணன், வேலையற்றவன், எவர்க்கும் உதவாதவன் என்றெல்லாம் அதற்குப் பொருள் ஏறிவிட்டது. ஆனால், அச்சொல்லின் உண்மைப் பொருள் யாது? தீர்வை விதிக்கப்பெறும் நிலத்தினின்று புறத்தே போக்கப்பட்ட நிலம், அஃதாவது தனியொருவர்க்கு உடைமையாகாமல் ஊரார் அனைவர்க்கும் பொதுவாக ஒதுக்கி வைக்கப்பட்ட நிலம் என்பதே. ஏரி புறம்போக்கு, குளம் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மந்தை, மேய்ச்சல்வெளி, இடுகாடு, சுடுகாடு அனைத்தும் புறம்போக்கு. ஓர் ஊர் ஊராக வாழ எவையெவை இன்றியமையாதனவோ அவற்றையெல்லாம் சுட்டிய சொல், ஒன்றுக்கும் உதவாதவனைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. சொல் கெட்டதற்குக் கரணியம் நினைவு கெட்டமை. நினைவு கெட்டவிடத்தில் நிலமும் கெடும்.

பொதுநிலத்தை வரையறுத்துக் காத்தல் தமிழர்க்குப் புதியதொரு கலையன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கு அங்கே நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஊரின் மொத்த அளவு முதலிற் கூறப்படும். அடுத்து, ஊர் இருக்கும் நத்தம், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியன ஒவ்வொன்றாகக் கழிக்கப்படும். எஞ்சிய நிலத்துக்கே இறை, அதாவது வரி. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே பொதுநிலம் இன்னதென்று அளந்து, பெயரிட்டுக் கல்லில் வெட்டி வைத்த இனம் இது. அதே கல்வெட்டுகளில் சேரிகள் தனியே பிரிக்கப்பட்டிருப்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அன்றைய பொதுமை எல்லார்க்குமான பொதுமையாக இருக்கவில்லை. அளந்து காத்த அறிவு போற்றத்தக்கது. பிரித்து வைத்த கொடுமை களையத்தக்கது. பழையதைப் பேசுவோர் இரண்டையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

வெள்ளையர் ஆட்சி இந்த நிலத்தை வேறு கண்கொண்டு பார்த்தது. அவர்கள் நிலத்தினிடம் கேட்ட கேள்வி ஒன்றே: ‘நீ எவ்வளவு வரி தருவாய்?’ வரி தரும் நிலம் நிலம். தராத நிலம் வீண்நிலம். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்னும் பாகுபாடுகள் இன்றளவும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் நிலைத்துள்ளன. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம், வழிவழியாக மக்கள் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த மலைச்சரிவுகளை அரசின் காப்புக்காடுகளாக்கிற்று. நேற்றுவரை உரிமையாக இருந்தது மறுநாளே குற்றமாயிற்று. விடுதலைக்குப் பின்னும் அக்கண் மாறவில்லை. 1985-இல் தில்லி அரசு தரிசுநில வளர்ச்சிக்கென ஒரு வாரியத்தையே நிறுவிற்று. தரிசென்று பெயரிட்டுவிட்டால், அதன்மேல் எதையேனும் வைத்தாக வேண்டும் என்னும் எண்ணம் தானே வந்துவிடுகிறது. வெற்றிடம் என்று முதலில் எழுதுகின்றவனே பின்னர் அவ்விடத்தை நிரப்பும் உரிமையையும் எடுத்துக்கொள்கின்றான்.

தமிழரின் நிலப்பாகுபாட்டில் ‘வீண்நிலம்’ என்றொரு வகை உண்டா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலம் நான்காகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பூ உண்டு, நீர் உண்டு, தொழில் உண்டு, மக்கள் உண்டு. பாலையோ இயல்பில் அமைந்த ஒரு தனி நிலமன்று. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டு வறண்டபோது பாலை தோன்றுகின்றது என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. வீண்நிலம் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றது என்பதை இதனினும் தெளிவாக எவர் சொல்ல முடியும்? அக்கருத்துக்கு உயிர்ச்சான்று வேண்டுவோர் பழனிமலையின் மேல்தளத்திற்கு வந்து பார்க்கலாம்.

பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும் கிளாவரையும் அமைந்த இம்மேல்மலையில், உச்சிகளிலும் சரிவுகளிலும் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும், பள்ளங்களில் சேற்றுநிலமும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. பெய்யும் மழையைப் புல் தடுத்து நிறுத்தும். வேரடி மண் உறிஞ்சிக்கொள்ளும். சேற்றுநிலம் தேக்கி வைக்கும். கோடையில் அந்நீர் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையாகும். வடக்கே இறங்கும் ஓடைகள் சண்முகாநதி, குதிரையாறு முதலியவற்றின் வழியே அமராவதியையும், அதன்வழிக் காவிரியையும் சேர்கின்றன. தெற்கே இறங்குவன மஞ்சளாறு, வராகநதி முதலியவற்றின் வழியே வையையைச் சேர்கின்றன. பேரிசம் ஏரியின் நீரைப் பெரியகுளம் நகரம் குடிக்கின்றது. இம்மலையின் புல்வெளிகள் ‘வெறுமனே கிடக்கின்றன’ என்று எழுதியவன், தாராபுரத்து நெல்லுக்கும் பழனி மக்களின் குடங்களுக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தவனல்லன்.

அங்ஙனம் எண்ணாமையின் விளைவு என்ன? தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகைமரமும், ஆலைகளின் கூழுக்காகத் தைலமரமும், அவற்றோடு பைன்மரமும் இப்புல்வெளிகளில் பல்லாயிரக்கணக்கில் நடப்பெற்றன. புல் மூடிய நிலத்தைத் தரிசென்று கருதிய அரசு, மரம் நட்டதை வளர்ச்சியென்று கருதிற்று. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு பழனிமலையை அளந்து, நாற்பது ஆண்டுகளில் இம்மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று காட்டிற்று. அதற்குத் தலையாய கரணியங்களாக அது சுட்டியவை மரத்தோட்டங்களும் வேளாண்மை விரிவுமே. நட்ட மரத்தைத் தேடி இன்று பழைய ஆலைகள் வருவதில்லை. சீகையோ தானே விதைத்துத் தானே பரவி, எஞ்சிய புல்லையும் விழுங்குகின்றது. 2022-இல் தமிழ்நாட்டரசு அயற்களைகளை அகற்றி இயல்நிலத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒரு தலைமுறையில் அரசுப் பணத்தில் நட்டதை மறு தலைமுறையில் அரசுப் பணத்திலேயே பிடுங்க வேண்டிய நிலை! நடுவதற்கு முன், அந்நிலம் என்ன செய்துகொண்டிருக்கின்றது என்று இவ்வூர் முதியவர் ஒருவரைக் கேட்டிருந்தால் இவ்விரு செலவும் இல்லை.

இனிக் கொடைக்கானல் நகரைப் பாருங்கள். 1845-இல் அமெரிக்கச் சமயப் பரப்பாளர் அங்கே குடியேறினர். 1863-இல் மதுரைத் தண்டலராயிருந்த இலெவிஞ்சு என்பவரின் முயற்சியால் ஓடைநீரைத் தடுத்து ஏரி அமைக்கப்பட்டது. 1899-இல் அது நகராட்சியாயிற்று. 1908-இல் பிரையண்டு பூங்கா தொடங்கப்பெற்றது. 21 சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள அச்சிறு நகரில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 36,501 பேர். ஆயின், அங்கே ஆண்டுதோறும் வந்து குவிவோர் பல இலக்கம் பேர். அவர்கள் எதைப் பார்க்க வருகின்றனர்? ஏரியை, பூங்காவை, மலைமுகட்டு நடைவழியை, சோலையை, பேரிசக் காட்டை. அத்தனையும் விற்கப்படாத நிலம், பொதுநிலம்! விற்கப்பட்ட நிலத்தில் எழுந்த விடுதிகளெல்லாம் விற்கப்படாத நிலத்தின் அழகைக் காட்டித்தான் அறைக்கூலி பெறுகின்றன. பொதுநிலம் ஈட்டுகின்றது, தனியுடைமை வாங்கிக்கொள்கின்றது. ஈட்டித் தரும் அந்நிலத்திற்கு மிஞ்சுவதோ குப்பையும் கழிவுநீரும்!

திட்டமே இல்லாமல் இந்நிலை வந்ததா எனின், அதுவுமன்று. 1993-இலேயே கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. எங்கே கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பனவெல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே ஒரு விடுதிக்கு மட்டும் விதியினின்று விலக்கு அளிக்கப்பட்டுக் கூடுதல் மாடிகள் எழும்பின. பழனிமலைக் காப்பு அவையினர் வழக்குத் தொடுத்தனர். 1995-இல் சென்னை உயர் அறமன்றம் அவ்விலக்கை நீக்கிற்று. விதியை எழுதிய கையே விலக்கையும் எழுதினால், அவ்விதி எவரைக் கட்டுப்படுத்தும்? செல்வாக்குடையார்க்கு விலக்கும், செல்வாக்கற்றார்க்கு விதியுமாகத் திட்டம் இரண்டாகப் பிளந்தது.

இன்று நிலைமை எங்கு வந்து நிற்கின்றது? 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு ஊர்தியில் வருவோர் மின்னிசைவுச் சீட்டுப் பெறல் வேண்டும் என உயர் அறமன்றம் ஆணையிட்டது. 2025 ஏப்பிரல் முதல், சுற்றுலாப் பருவத்தில் கிழமைநாள்களில் 4,000 ஊர்திகளும், கிழமை இறுதியில் 6,000 ஊர்திகளுமே வரலாம் என்று வரம்பு வகுத்தது. நகரின் தாங்குதிறன் எவ்வளவு என்று கணக்கிடும் பணி, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள இரு பெருங் கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அறமன்றத்தின் அக்கறை பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதலில் தாங்குதிறனை அளந்து, பிறகு கட்டியிருக்க வேண்டும். இங்கே கட்டி முடித்து, மலை மூச்சுத்திணறிய பிறகே அளவுகோல் எடுக்கப்பட்டது.

நகரம் நிரம்பிவிட்டால் பணம் அங்கேயே நின்றுவிடுமா? நில்லாது, மேற்கே நகரும். பூம்பாறையைக் கடக்கும், மன்னவனூரைக் கடக்கும், கவுஞ்சியின் வாயிலில் வந்து நிற்கும். ஆகவே, கொடைக்கானற் கதை இவ்வூரார் வேடிக்கை பார்க்கும் கதையன்று. இவ்வூரை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கும் கதை. நகர்க்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பாளர் சுற்றியுள்ள சிற்றூர்களின் அரசு நிலங்களை ‘எதிர்கால விரிவுக்கான இடம்’ என்று வரைபடத்தில் தீட்டும் நாளில், அவ்விடங்களுக்கு ஏற்கெனவே ஒரு தொழில் உண்டென்று சொல்லும் ஆள் கவுஞ்சியில் இருத்தல் வேண்டும்.

நிலப்பயன்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சில பயன்கள் மீளக்கூடியவை; சில மீளாதவை. இவ்வேறுபாடே பொதுநிலத் திட்டத்தின் உயிர்நிலை. மன்னவனூரில் 1965 முதல் நடுவண் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இயங்கிவருகின்றது. அங்கே ஆடு மேய்கின்றது. ஆடு மேயப் புல் வேண்டும். ஆகவே புல்வெளி புல்வெளியாக நிற்கின்றது. அந்நிலையம் நாளை வேண்டாமென்றாலும் நிலம் நிலமாகவே மக்களிடம் திரும்பும். இதற்கு மாறான எடுத்துக்காட்டு கொடைக்கானல் நகரிலேயே உண்டு. அங்கு இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் எனப்படும் இதள் கலந்த கழிவில் 290 டன் 2003-இல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. மண்ணைத் தூய்மை செய்வது எந்த அளவுக்கு என்னும் வழக்காடல் அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொழிற்சாலை நடந்த ஆண்டுகளைவிட அதன் அழுக்கைப்பற்றிப் பேசிய ஆண்டுகள் மிகுதி! ஒரு தலைமுறை செய்த முடிவை அடுத்த தலைமுறை மாற்ற முடியாதெனின், அம்முடிவைச் செய்வதற்கு முன் பத்துமுறை கேட்க வேண்டும்.

உதகையில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். நகரின் நடுவே 52.34 ஏக்கர் அரசு நிலம் குதிரைப் பந்தயக் கழகத்தின் கையில் நெடுங்காலம் குத்தகையாக இருந்தது. குத்தகைத் தொகை 822 கோடி உருபா நிலுவை என்று அரசு கணக்கிட்டது. அறமன்ற ஆணையின் பின், 2024 சூலை 5-ஆம் நாள் வருவாய்த்துறையினர் அந்நிலத்தைக் கையகப்படுத்தினர். மீட்டது நன்று, மிக நன்று. ஆனால் மீட்டபின், அவ்விடத்தில் சூழலியற் பூங்கா என்று அரசே அறிவித்தது. பூங்கா நல்லதா அல்லதா என்பது வேறு வினா. உதகை மக்களைக் கூட்டி, ‘உங்கள் நிலம் திரும்பி வந்துவிட்டது, இதை என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருக்க வேண்டாவா? நிலத்தை மீட்பது பாதி வேலை. முடிவுசெய்யும் உரிமையை மீட்பதே மறுபாதி.

அவ்வுரிமை மீட்கப்படுவதற்கு மாறாக, மேலும் மேலும் விலகிச் செல்கின்றது. 2023 ஏப்பிரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என ஒன்று நிறைவேறிற்று; 2024 அத்தோபர் 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நூறு எக்டேருக்குக் குறையாத ‘சிறப்புத் திட்டங்கள்’ அமையுமிடத்தில், ஓடை, வாய்க்கால், நீர்நிலைகள் உள்ளிட்ட அரசு நிலங்களையும் அத்திட்டத்தோடு ஒருங்கிணைக்க அச்சட்டம் வழிசெய்கின்றது. காப்பு விதிகள் சில அதில் எழுதப்பட்டிருப்பினும், உழவர் அமைப்புகள் எழுப்பிய அச்சம் நீங்கவில்லை. நூறு எக்டேருக்கு மேல் நிலம் வளைக்கும் ஆற்றல் எவர்க்கு உண்டு? இரண்டு ஏக்கரில் பூண்டு நடும் கவுஞ்சி உழவனுக்கா? பெருநிலம் வளைப்பவனுக்கு ஊரின் ஓடையும் உடன் சேர்த்து வழங்கப்படுமாயின், புறம்போக்கு என்னும் சொல்லுக்கு மிஞ்சப்போவது வசைப்பொருள் மட்டுமே.

இனி, மொழி. நிலத்தைப்பற்றிய பேச்சில் மொழி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். 2020-இல் நடுவண் அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டது. எம்மொழியில் வெளியிட்டது? ஆங்கிலத்திலும் இந்தியிலும். கவுஞ்சி உழத்தி ஒருத்தி தன் நிலத்தைப்பற்றித் தன் கருத்தைச் சொல்வதற்கு முன், இந்தியோ ஆங்கிலமோ கற்றாக வேண்டும்! 2020 சூன் 30 அன்று தில்லி உயர் அறமன்றம், அவ்வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. அவ்வாணையையும் எதிர்த்து நடுவண் அரசு மேன்முறையீட்டுக்குச் சென்றது. தில்லி அவ்வாறென்றால் சென்னை எவ்வாறு? தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இலேயே இயற்றப்பெற்றது. ஆயினும் நகரமைப்புத் திட்டங்களின் வரைபடக் குறிப்புகளும் வல்லுநர் அறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே பிறந்து ஆங்கிலத்திலேயே முடிகின்றன. விளங்காத மொழியில் கேட்கப்பெறும் கருத்து, கேட்கப்பெறாத கருத்தே. தன் மண்ணின் திட்டத்தைத் தன் மொழியில் படிக்க இயலாத மக்கள், அம்மண்ணில் குடிகளாக இரார், குடிக்கூலிக்கு இருப்போராவர்.

இவ்வளவும் கேட்டபின் ஓர் இளைஞன் எழுந்து வினவுவான்: ‘அப்படியானால் ஒன்றுமே கட்டக்கூடாதா? மருத்துவமனைக்கு மலைவழியே நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கின்றது. மேற்படிப்புக்கு வழியில்லை. வீடில்லாதவர்க்கு மனை இல்லை. புல்லைப் பார்த்துக்கொண்டே வாழ முடியுமா?’ இவ்வினா நேர்மையான வினா; மழுப்பாமல் விடை சொல்ல வேண்டிய வினா. மருத்துவமனையும் பள்ளியும் வீடற்றோர்க்கு மனையும் பொதுநிலத்திலேதான் எழவேண்டும், வேறெங்கே எழும்? அதனாலேயே பொதுநிலத்தை விடுதிக்கும் ஊர்திநிறுத்தத்திற்கும் வாரி இறைக்கக்கூடாது. இன்று கொடுத்துத் தீர்த்துவிட்டால், நாளை மருத்துவமனைக்கு இடம் தேடி, இதே அரசு இதே உழவனின் பூண்டு வயலைத்தான் எடுக்க வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் மண்ணை அங்ஙனம் இழப்பதா?

இன்னொன்றும் உண்டு. ‘அரசு நிலத்தைக் காக்கின்றோம்’ என்னும் பெயரில் முதலில் இடிக்கப்படுவது எவருடைய கூரை? ஏழையின் கூரை. 2011 சனவரி 28 அன்று இந்திய உச்ச அறமன்றம், ஊர்ப் பொதுநிலங்களைக் கவர்ந்தோரை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டுமென ஆணையிட்டது. நிலமற்ற உழைப்பாளர்க்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் அரசு ஆணைவழி வழங்கப்பட்ட குத்தகை போன்றவற்றை அத்தீர்ப்பு விலக்காக ஏற்றது. தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் படித்துவிட்டுக் குடிசைக்கு வருவோரும் உளர். விடுதிக்குச் செல்லாமல் விட்டோரும் உளர். இம்மலையின் தொல்குடிகளான பளியரையும் புலையரையும் ஒதுக்கிவிட்டுப் பொதுநிலம் பேசுவது, தஞ்சைக் கல்வெட்டுக் காலத்துப் பிழையை மீண்டும் செய்வதாகும். 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், காட்டில் வழிவழி வாழ்வோரின் உரிமையை அவர்தம் ஊர்மன்றமே முதலில் ஆய்ந்து முடிவுசெய்யும் முறையை வகுத்துள்ளது. 2013-இல் 608.95 சதுரக் கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் காட்டுயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், அச்சட்டத்தின் வழி உரிமைகளைப் பதிவுசெய்துகொள்வது முன்னினும் இன்றியமையாததாகும்.

பொதுநிலத்தை ஊர்மக்கள் கையில் விட்டால் பாழாக்கிவிடுவர் என்று படித்தவர் சிலர் கூறுவதுண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்சு மலையில் தோர்பல் என்றொரு சிற்றூர். 1483-இல் அவ்வூரார் கூடித் தங்கள் மலைமேய்ச்சல் நிலத்துக்கும் காட்டுக்கும் ஒழுங்கு எழுதினர். 1517-இல், குளிர்காலத்தில் தன் வீட்டுத் தீவனம் போட்டு எத்தனை மாடுகளைக் காக்க ஒருவனால் இயலுமோ அத்தனை மாடுகளைமட்டுமே அவன் பொதுமலைக்கு ஓட்டலாம் என விதி செய்தனர். அம்மேய்ச்சல் நிலம் பல நூற்றாண்டுகள் கெடாமல் நின்றது. அவ்வூர் உள்ளிட்ட பல ஊர்களின் பொதுநில ஒழுங்குகளை ஆராய்ந்த எலினோர் ஒசுட்ரம் என்னும் அமெரிக்க அறிஞர்க்கு 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய உண்மை எளியது: பயன்படுத்துவோரே விதி செய்து, பயன்படுத்துவோரே கண்காணித்து, மீறியவர்க்கு அவர்களே தண்டம் விதிக்கும் இடத்தில் பொதுநிலம் நிலைக்கும். கண்மாய்க்கு நீர்க்கட்டி வைத்து, மடை திறக்க முறை வைத்து வாழ்ந்த தமிழ் உழவனுக்கு இவ்வுண்மையை எந்நாட்டாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. மறந்ததை நினைவூட்டினால் போதும்.

ஆகவே, செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, கணக்கு. கவுஞ்சி எல்லையிலுள்ள பொதுநிலம் ஒவ்வொன்றின் புல எண், பரப்பு, அதில் பிறக்கும் ஊற்று, அதைக் கடக்கும் ஓடை, அங்கே மேயும் மாடு, அதை நம்பியிருக்கும் குடும்பம் அனைத்தையும் ஊரார் தாமே ஒரு சுவடியில் எழுதுதல் வேண்டும். எழுதப்படாத பயனை எந்தத் திட்டக்காரனும் ஏற்கமாட்டான். முதியோர் உயிரோடிருக்கும்போதே இப்பணி முடிதல் வேண்டும்.

இரண்டாவது, வரிசை. பொதுநிலத்தின் முதல் உரிமை நீருக்கு. அடுத்தது மேய்ச்சல், களம், வழி, இடுகாடு முதலிய ஊர்ப்பயன்களுக்கு. அடுத்தது நிலமற்றோரின் குடியிருப்புக்கும் பிழைப்புக்கும். அடுத்தது பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடங்களுக்கு. இந்நான்கும் நிறைந்தபின் எஞ்சியது உண்டாயின், அன்று வணிகத்தைப்பற்றிப் பேசலாம்.

மூன்றாவது, இசைவு. மீளக்கூடிய பயனுக்கு ஊர்மன்றத்தின் கருத்தைக் கேட்டல் போதும். மீளாப் பயனுக்கோ ஊர்மன்றத்தின் வெளிப்படையான இசைவு வேண்டும். சட்டம் ‘கிராம சபை’ என்றழைக்கும் ஊர்மன்றம் ஆண்டுக்கு ஆறுமுறை கூட வேண்டும் என்று தமிழ்நாட்டில் முறை வகுக்கப்பட்டுள்ளது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2, நவம்பர் 1. மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள். பொதுநிலச் சுவடியை ஊர்மன்றத்தில் வைத்து ஏற்கச் செய்ய அதனினும் பொருத்தமான நாள் இல்லை.

நான்காவது, தமிழ். கொடைக்கானலுக்கும் அதைச் சூழ்ந்த ஊர்களுக்கும் வகுக்கப்பெறும் எத்திட்டமும், வரைவும் வரைபடமும் வல்லுநர் அறிக்கையும் உட்பட, முதலில் தமிழில் வெளிவருதல் வேண்டும். வெளிவந்த ஏடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பெற்று, ஊர்மன்றத்தில் உரக்கப் படிக்கப்பெறுதல் வேண்டும். அதுவரை கருத்துக்கேட்பு நடந்ததாகக் கொள்ளலாகாது.

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு சுவடியும், ஓர் எழுதுகோலும், ஊர்மன்றத்துக்கு வந்து அமரும் உறுதியும் வேண்டும். பத்துப்பேர் மட்டும் வரும் ஊர்மன்றத்தில் பத்தாயிரம் பேரின் நிலத்தை மாற்றிவிடலாம். ஊரே வந்து அமரும் மன்றத்தில் ஒரு முழ நிலத்தையும் மறைவாக மாற்ற முடியாது.

தமிழ்ப் பெருமக்களே! 2018-இல் இம்மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் அது மீண்டும் 2030-இல் பூக்க வேண்டும். பூப்பதற்கு அதற்கு வேண்டுவது புல்வெளி. தனியுடைமையாகாத, மேலே கற்காரை போர்த்தப்படாத புல்வெளி. தமிழன் தன் முதல் நிலத்துக்கு அப்பூவின் பெயரைத்தான் இட்டான். அந்நிலத்தை அவனே தரிசென்று எழுதித் தரலாகாது. பதிவேட்டில் எவன் எதை எழுதினும், கவுஞ்சியின் சுவடியில் நீங்கள் எழுதுங்கள்: இது வெற்றுநிலம் அன்று, எங்கள் பொதுநிலம்.

வாழ்க தமிழ்நிலம்! வெல்க மக்கள் உரிமை!